கொசுறு கேட்ட கால்

எனக்கு இரண்டு கால். அதில் இடது கால் நாற்பத்தைந்து நாளைக்கு மடங்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தை ஒரு விமான நிறுவனத்துக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுதி வைக்காவிட்டால் எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துவிடும். எப்படியும் இப்போது எங்கள் ஊர் இகீத்தோஸ் விமான நிலையத்தில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூட ஒரு மரியாதைக்குச் சொல்வது. இங்கே நாற்காலிக்கு நாற்காலி இரும்புக் கைப்பிடி வைத்திருக்கிறார்கள். காலை நீட்டுவதற்காக ஒரு கைப்பிடிமேல் காலும் இன்னொரு கைப்பிடிமேல் முதுகுமாக ஒட்டடைக் கம்பு மாதிரி கிடக்கிறேன். என் மனைவி தெயோலிந்தா அங்கே கவுண்டரில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் முடிப்பதற்குள் நான் முடிக்க வேண்டும்.

என் பெயர் செகுந்தோ ரிக்கோபா. ஆட்டோ மெக்கானிக். எங்கள் ஊரில் மனிதர்களைவிட ஆட்டோ அதிகம், அதனால் பிழைப்புக்குக் குறைவில்லை. ஒரு மழைநாளில் ஜாக்கியில் தூக்கி வைத்திருந்த ஆட்டோ சரிந்து என் முழங்கால்மேல் உட்கார்ந்தது. சில்லு மூன்று துண்டு. இங்கே படம் எடுத்துப் பார்த்த டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு தலைநகர் லீமாவுக்குப் போகச் சொன்னார். போகும்போது விமானப்படையின் சரக்கு விமானம். அரிசி மூட்டைக்கு நடுவே ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு போனேன். அதில் சீட்டே கிடையாது, அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

லீமாவில் டாக்டர் கிரிமனேசா ஒலோர்தெகி அம்மா கம்பி போட்டுச் சில்லைச் சேர்த்தார். இடுப்பிலிருந்து கணுக்கால்வரை இரண்டு பக்கமும் எஃகுப் பட்டை வைத்த கூடு ஒன்றை மாட்டினார். பிறகு என் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார்.

"நாப்பத்தஞ்சு நாள். நடுவுல ஒரு தடவை மடக்கினாலும் கம்பி தெறிச்சிடும். அப்புறம் என்கிட்ட வராதீங்க, நேரா ஊன்றுகோல் கடைக்குப் போங்க. நாப்பத்தஞ்சாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு இங்க இருக்கணும். அன்னிக்குக் கழட்டி மடக்கலேன்னா மூட்டு அப்படியே இறுகிடும். புரிஞ்சுதா?"

எனக்குப் புரிந்தது. நாற்பத்தைந்து நாள் மடக்கக் கூடாது, நாற்பத்தைந்தாம் நாள் மடக்கியே ஆக வேண்டும். குழந்தைக்கும் புரியும்.

எங்கள் ஊருக்குச் சாலை கிடையாது. பஸ்ஸில் மலையேறி இறங்கி, அப்புறம் ஆற்றில் நான்கைந்து நாள் படகு. இந்தக் கூட்டோடு அதெல்லாம் நடக்காது. ஆகவே ஊர் திரும்ப நோப்லேசா விமான நிறுவனம். லீமா விமான நிலையத்தில் அவர்கள் கவுண்டரில் லிஸ்பெத் என்று ஒரு பெண். பல் வரிசை அவ்வளவு அழகு.

"சார், உங்களுக்குக் கால் வேணுமா?" என்றாள்.

"கால் இருக்கும்மா. வைக்க எடம்தான் வேணும்."

"எங்க பட்டியல்ல அதுக்குத்தான் சார் கால்னு பேரு. மூணு வகை இருக்கு. மூச்சு, ரெண்டு அங்குலம். தாராளம், நாலு அங்குலம். சுதந்திரம், ஏழு அங்குலம்."

"சாதா சீட்டுல என்னம்மா இருக்கு?"

"சாதா சீட்டுல சீட் இருக்கு சார்."

கூட வந்திருந்த தெயோலிந்தா என்னை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். எங்கள் ஊர் பெலேன் சந்தையில் இருபது வருஷமாக அகுவாஹே பழம் விற்கிறவள். சந்தையில் விற்கிறவளும் வாங்குகிறவளும் ஒருத்தியை ஒருத்தி "காசெரா" என்றுதான் கூப்பிடுவார்கள். இவளுக்கு உலகமே காசெராதான். ஆண் என்றால் காசெரோ. பாதிரியாரையே அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"இங்க பாரு காசெரா, இவருக்கு ஒரு காலைத்தான் நீட்டணும். இன்னொண்ணு நல்லா மடங்கும். ஒரு காலுக்கு மட்டும் போடு."

"ஜோடியாத்தான் விக்கிறோம் சென்யோரா."

"பாதி மீன் விக்கிறாங்க. பாதித் தார் வாழைக்கா விக்கிறாங்க. பாதிக் கால் விக்க மாட்டீங்களா?"

"விக்கலாம் சென்யோரா. ஆனா மிச்சப் பாதியை யார் தலையில கட்டறது?"

தெயோலிந்தா பையைத் திறந்து காசை எண்ண ஆரம்பித்தாள். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அவள் பேரத்தில் தோற்று நான் பார்ப்பது மூன்றாவது தடவை.

சுதந்திரமே வாங்கினோம். அவள் பதினைந்து நாள் விற்ற பழம் அதில் போயிற்று. ரசீதை வாங்கி மடித்து வைத்தவள் அங்கேயே நின்றாள். உள்ளங்கையை நீட்டினாள்.

"என்ன சென்யோரா?"

"கொசுறு."

எங்கள் ஊரில் கொசுறு இல்லாமல் எந்த வியாபாரமும் முடியாது. பத்துப் பழம் வாங்கினால் கையில் இன்னும் இரண்டு விழும். அளந்து கொடுத்தது அளவுக்கு, மேலே போடுவது மனசுக்கு. போடாதவளிடம் மறுநாள் ஈகூட வராது. லீமாவிலும் இதே கதைதான். இந்த லிஸ்பெத்தும் வீட்டுக்கு உருளைக்கிழங்கு வாங்கும்போது ஒரு கொத்து மல்லித்தழை கேட்காமல் நகரமாட்டாள், நான் எழுதித் தருகிறேன். ஆனால் கம்பெனிச் சட்டையைப் போட்டதும் எல்லாம் மறந்துபோகிறது. அவள் திரையில் மேலும் கீழும் தேடினாள்.

"அப்படி ஒரு கட்டணம் இல்லையே சென்யோரா."

"கட்டணம் இல்லாததாலதாண்டி அதுக்குக் கொசுறுன்னு பேரு."

இந்தச் சமயத்தில்தான் லிஸ்பெத் எட்டிப் பார்த்து என் எஃகுக் கூட்டைக் கண்டாள். பல் வரிசை மறைந்தது.

"சார், உங்க காலுக்கு என்ன?"

சொன்னேன்.

"ஐயையோ. சுதந்திர சீட் அவசர வழிக் கதவுப் பக்கத்துல சார். ஆபத்துன்னா நீங்க எழுந்து கதவைத் தூக்கி எறியணும். கால் நல்லா இருக்கிறவங்களுக்குத்தான் அந்த எடம்."

"கால் நல்லா இருந்தா நான் ஏம்மா அதை வாங்கப் போறேன்?"

"அதை வாங்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும் சார்."

"சரி, திருப்பிக் கொடு."

"முடியாது சார். உங்களுக்காக எடத்தைத் திறந்துட்டோம். திறந்த எடத்தை வேற யாருக்கும் புதுசுன்னு விக்க முடியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கூடு கிறீச்சிட்டது. எங்கள் சத்தத்தைக் கேட்டு உள்ளேயிருந்து ஒருவர் வந்தார். இடப்பரப்பு மேலாளர், பெயர் எச்சேகோபார். குட்டையான மனிதர். கழுத்துப்பட்டையில் தங்கக் கொக்கி, சட்டைப்பையில் அளவு நாடா. உட்காரச் சொல்லி எங்களுக்கு ஒரு சிறு சொற்பொழிவே ஆற்றினார். ஆளுக்குச் சொந்த ஊர் எதுவோ தெரியாது, ஆனால் ஒளிவுமறைவில்லாத மனிதர் என்று சொல்லத்தான் வேண்டும்.

"நண்பரே, மக்கள் எங்களைத் தப்பாப் புரிஞ்சுக்கிறாங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி எல்லா சீட்டுலயும் தாராளமாக் கால் வைக்கலாம். ஆனா யாராவது அதை மதிச்சாங்களா? ஒரு நன்றிக் கடிதம் உண்டா? கெடையாது. நான்தான் யோசிச்சேன். ஒவ்வொரு வரிசையிலயும் ஒரு அங்குலம் எடுத்தேன். யாரும் கவனிக்கலை. இன்னொண்ணு எடுத்தேன். லேசா முனகினாங்க. மூணாவது எடுத்தப்புறம்தான் ஜனங்களுக்குக் காலோட அருமை தெரிஞ்சுது! நாங்க எதையும் பறிக்கலை. உங்க அங்குலத்தைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கோம். யாருக்கு அது நெஜமா வேணுமோ அவங்க வந்து வாங்கிக்கலாம். இதைவிட நேர்மை எங்க இருக்கு?"

தெயோலிந்தா பொறுமையாகக் கேட்டாள். பிறகு ரொம்ப நிதானமாகச் சொன்னாள்.

"காசெரோ, எங்க சந்தையில ஒருத்தி இப்படித்தான் தராசுல விளையாடினா. அளவுல கொஞ்சம் கொறைச்சு, கொறைச்சதையே கொசுறுன்னு போட்டா. தெரிஞ்சதும் சங்கத்துக்காரங்க அவ தராசைத் தூக்கி ஆத்துல போட்டுட்டாங்க. அவகூட, பாவம், அந்தக் கொசுறுக்குக் காசு கேக்கலை."

எச்சேகோபார் இதைக் குறித்துக்கொண்டார். பாராட்டு என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

கடைசியில் பெரிய மனதுபண்ணி எனக்கு இருபத்துநாலாம் வரிசையில் நடைபாதையோரச் சீட் கொடுத்தார். கழிப்பறைப் பக்கம், கடைசிக்கு முந்தைய வரிசை. உள்ளே போய்ப் பார்த்தால் முன்சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவே ஒரு செய்தித்தாளைத்தான் நுழைக்கலாம். அதையும் படிக்க முடியாது. காலை நடைபாதையில் நீட்டினேன். தள்ளுவண்டி போகும் வழி, நீட்டக் கூடாது என்றாள் பணிப்பெண். மேலே தூக்கிப் பிடிக்கட்டுமா என்றேன். அது பின்னால் இருப்பவரின் பார்வைப் பரப்பு என்றாள்.

ஒரே வழிதான் இருந்தது. நடைபாதைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன். காலை நடுச்சீட்டில் இருந்த தெயோலிந்தாவின் மடியில் நீட்டினேன். என் கால் நீளம், அவள் மடி அகலம் போதவில்லை. கணுக்காலும் பாதமும் அடுத்தவர் இடத்தில் அந்தரத்தில் தொங்கின. சன்னலோரம் இருந்தவர் மெல்கியாதெஸ் என்று ஒரு மெலிந்த மனிதர், எங்கள் ஊரில் படகு டிக்கெட் விற்பவர். மகளுக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் என்று லீமாவிலிருந்து ரோஜா நிறக் கேக் ஒன்றைப் பெட்டியோடு மடியில் வைத்திருந்தார். என் பாதத்தைப் பார்த்தார். கேக்கைப் பார்த்தார்.

"காசெரோ, மடியில ஒரு கொசுறு எடம் கெடைக்குமா?" என்றாள் தெயோலிந்தா.

"அதுக்கென்ன, வைங்க காலை," என்றார் அவர்.

கேக்கைத் தூக்கிப் பின்சீட்டு அம்மாளிடம் கொடுத்தார். அந்த அம்மாள் மடியில் மிக்சி இருந்தது. மிக்சி முன்வரிசைச் சிப்பாயிடம் போயிற்று. சிப்பாய் வைத்திருந்த சுவர்க் கடிகாரம் ஒரு கன்னியாஸ்திரியிடம் போயிற்று. கன்னியாஸ்திரி மடியில் தூங்கிக்கொண்டிருந்த யாருடைய குழந்தையோ இன்னொருத்தர் மடிக்குப் போய் அங்கேயும் தூங்கிற்று. ஐந்து நிமிடத்தில் இருபத்தைந்தாம் வரிசையிலிருந்து பதினேழாம் வரிசைவரை ஒருவர் மடியிலும் அவரவர் பொருள் இல்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான்.

பணிப்பெண் ஓடி வந்தாள், கையில் ஒரு திரைப்பலகை.

"இது என்ன? மடியை வாடகைக்கு விட்டிருக்கீங்களா?"

"இல்லம்மா, சும்மாதான் கொடுத்தேன்," என்றார் மெல்கியாதெஸ்.

"சும்மான்னா எவ்வளவு?"

"சும்மான்னா சும்மா."

பலகையில் பூஜ்யம் என்று போட்டுப் பார்த்தாள். ஏற்கவில்லை. திரும்பவும் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. விலையில்லாத பொருள் விமானத்தில் இருக்கும்வரை கதவை மூட முடியாதாம். எச்சேகோபாருக்கு ஆள் போயிற்று. அளவு நாடாவோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். என் காலை அளந்தார். மெல்கியாதெஸ் மடியை அளந்தார். கன்னியாஸ்திரியிடம் போய், அவர் பார்த்த பார்வையில் அளக்காமல் திரும்பிவிட்டார்.

"நண்பர்களே," என்று ஆரம்பித்தார், "மடிங்கிறது என்ன? கொஞ்சம் யோசிங்க. நீங்க நிக்கும்போது உங்களுக்கு மடி இருக்கா? இல்லை. உக்காந்தாத்தான் மடி வருது. எதுமேல உக்கார்றீங்க? எங்க சீட்டுமேல. அப்ப மடியை உண்டாக்குறது யாரு? நாங்க. ஆகவே இந்த விமானத்துல இருக்கிற அத்தனை மடியும் நிறுவனத்தோட உற்பத்தி. அதை நீங்க பாட்டுக்கு எடுத்து இஷ்டத்துக்கு வாரி வழங்கக் கூடாது. ஒண்ணு, மடிக்குப் பணம் கட்டுங்க. இல்லே, அந்தக் கால் இறங்கணும்."

இறங்கினால் போக்கிடம் இல்லை, கையில் காசும் இல்லை, மடக்கினால் கால் இல்லை. தெயோலிந்தா என் காலை மெதுவாகத் தூக்கிச் சீட்டில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அப்படியா? எந்திரிச்சா மடி கெடையாது. சரியா?"

"மிகச் சரி," என்றார் எச்சேகோபார்.

"அப்ப இந்தா, உங்க மடியை நீங்களே வச்சுக்கோங்க."

மெல்கியாதெஸ் எழுந்தார். பின்னால் கேக் எழுந்தது. மிக்சி, கடிகாரம், குழந்தை, கன்னியாஸ்திரி எல்லாம் எழுந்தன. முதல் வரிசைவரை மொத்த விமானமும் எழுந்து நின்றது. பணம் கட்டித் தாராளம் வாங்கியவர்களும் நின்றார்கள். உட்கார்ந்திருந்தது நான் ஒருத்தன்தான். ஆட்கள் நின்றுகொண்டிருந்தால் விமானம் நகராது, அது எச்சேகோபாருக்கும் மேலே உள்ள சட்டம். ஏர்கண்டிஷன் ஓடவில்லை. வியர்வை ஆறாக ஓடியது. யாரும் உட்காரவில்லை. இருபது நிமிடம் கழித்து விமானி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"யோவ், இன்னும் கொஞ்ச நேரத்துல என் வேலை நேரம் முடியுது. அப்புறம் விமானத்தை நீயே ஓட்டிக்கிட்டுப் போ," என்றார் எச்சேகோபாரிடம்.

எச்சேகோபார் வியர்வையைத் துடைத்தார். பலகையில் என்னமோ தட்டினார். பிறகு ஒலிபெருக்கியை வாங்கிச் சிரித்த முகத்தோடு அறிவித்தார்: "அன்புள்ள பயணிகளே! நோப்லேசா நிறுவனம் தன் பெருந்தன்மையால் இன்று ஒரு நாள் மட்டும் உங்கள் மடிகளை உங்களுக்கே அன்பளிப்பாக வழங்குகிறது!" பாவிப் பயல்கள் நாலு பேர் கைதட்டவும் செய்தார்கள். என் கால் மெல்கியாதெஸ் மடியில் ஏறியதும் எச்சேகோபார் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கால் மடங்காமல் வீடு வந்து சேர்ந்தது. இறங்கும்போது மெல்கியாதெஸுக்குத்தான் இரண்டு காலும் மரத்துப்போய், என் ஊன்றுகோலில் ஒன்றைக் கடன் வாங்க வேண்டியிருந்தது. கேக்கில் யாருடையதோ கட்டைவிரல் பதிந்திருந்தது. பிறந்தநாளுக்கு எங்களையும் கூப்பிட்டார், போனோம்.

இன்று நாற்பத்தைந்தாம் நாள். நாலு மணிக்கு லீமாவில் டாக்டர் அம்மா காத்திருப்பார். விமானம் பதினொன்று இருபதுக்கு. காலையில் விமான நிலையத்துக்குள் நுழைந்ததும் சுவர் முழுக்க ஒரு விளம்பரம். அதில் இருப்பது என் கால். எஃகுக் கூடு, பெருவிரல் நகத்தில் கறுப்பு கிரீஸ், எல்லாம் என்னுடையதுதான். மெல்கியாதெஸின் மடி இருக்கிறது, முகத்தை வெட்டிவிட்டார்கள். மேலே கொட்டை எழுத்தில்: "நோப்லேசாவின் புதிய மடி! மனிதநேயம், கட்டணம் 49 சோல் முதல்." கீழே பொடி எழுத்தில், மடி கொடுப்பவர் மறுக்க இயலாது, அவருக்குப் பங்கும் கிடையாது என்று போட்டிருந்தது. எனக்கு அழுவதா, கல்லெடுத்து எறிவதா என்று தெரியவில்லை.

தெயோலிந்தா நேரே கவுண்டருக்குப் போனாள். இங்கே இருந்தது வேறு பெண், ஆனால் அதே பல் வரிசை.

"காசெரா, எங்க வீட்டுக்காரர் காலை வச்சு வியாபாரம் பண்றீங்க. இன்னிக்கு அதுக்குக் கொசுறா ஒரு நீட்டு சீட் கொடுங்க."

அந்தப் பெண் சுவரைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், முகம் வெளுத்து லீமாவுக்குப் போன் போட்டாள். எச்சேகோபார் குரல் கவுண்டர் முழுக்கக் கேட்டது.

"அந்தக் கால் எங்க விளம்பரச் சின்னம்! முறைப்படி பதிவு பண்ணியாச்சு. நிறுவனத்தோட சொத்தைக் கண்டவங்க சாதா சீட்டுல திணிச்சுக் கொண்டுபோக விடாதீங்க!"

"அப்ப கால் உங்களோடதுதானா?" என்றாள் தெயோலிந்தா.

"அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப உங்க காலுக்கு நல்ல எடமாக் கொடுங்க."

"நிச்சயமா," என்றார். "முதல் வரிசை. சன்னலோரம்."

அந்தப் பெண் என் கணுக்காலில் தங்க நிற அட்டை ஒன்றைக் கட்டினாள். அதில் "1-ஏ, கவனமாகக் கையாளவும்" என்று இருந்தது. எனக்குத் தனியாக ஒரு பயணச்சீட்டு நீட்டினாள். இருபத்துநாலாம் வரிசை.

"அம்மா, காலும் நானும் ஒண்ணாத்தான் போவோம்," என்றேன்.

"அது குழுப் பயணம் சார். குழுன்னா குறைஞ்சது பத்துப் பேர் வேணும்."

அப்போது நொண்டிக்கொண்டு வந்து இந்த நாற்காலியில் சாய்ந்தவன்தான் நான். ஒரு மணி நேரமாகிவிட்டது. தெயோலிந்தா விடவில்லை. இப்போது அவள் குரல் இங்கேவரை கேட்கிறது.

"காலுக்குத்தான் சீட் கொடுத்துட்டீங்க இல்ல? அப்ப இவரு அதுக்குக் கொசுறு. சேத்து ஏத்திக்கோங்க!"

அந்தப் பெண் திரையில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருக்கிறாள். "அப்படி ஒரு பயணி வகை இல்லையே சென்யோரா..."

ஒலிபெருக்கியில் கடைசி அழைப்பு விடுகிறார்கள். முதல் வரிசைப் பயணி திரு. கால் உடனே வர வேண்டுமாம், கதவை மூடப் போகிறார்களாம். நோட்டை மூடிவிட்டு எழுகிறேன். கதவருகே நிற்கிறவர் கணுக்கால் அட்டையைப் பார்த்துச் சல்யூட் அடிக்கிறார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்கிறார்.